கோமெஸா, பண்டேராஸா?

ஸ்பெயினின் தென்பகுதியான ஆண்டலூசியாவில் பிறந்து, கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கி, அப்புறம் சொந்தமாக ஒரு நாடக அரங்கம் தொடங்கிய நடிகர்கள் இருவர். அந்தோனியோ பண்டேராஸை 'ஷ்ரெக்' படங்களின் பூனைக்குக் குரல் கொடுத்தவராகக் குழந்தைகளுக்கும் தெரியும். ஹோசே லூயிஸ் கோமெஸ் பெயரோ ஸ்பெயினைத் தாண்டினால் பலருக்கும் புதிது.

கோமெஸ் 1940இல் உயெல்வாவில் பிறந்தவர். ஜெர்மனியில் நடிப்புப் படித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். கையோடு கொண்டுவந்தது எழுத்தாளர் காஃப்காவின் கதை ஒன்று, நாடகமாக. மனிதனாக மாறிய குரங்கு, அறிஞர் சபையில் தன் கதையைச் சொல்கிறது. மேடையில் அவர் ஒருவர்தான். 1976இல் 'பாஸ்குவல் துவார்த்தே'. சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்து சில மாதங்களில் வந்த படம் (இயக்குநர் பெயரும் ஃபிராங்கோதான்). கோமெஸுக்கு அதில் வசனம் மிகக் குறைவு. தன் நாயையே வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், பிறகு சுட்டுவிடுவார். முகத்தில் ஒன்றும் அசையாது. கான் விருது இந்தப் படத்துக்குத்தான்.

பண்டேராஸ் போன வழி வேறு. மலகாவில் பிறந்து, மாட்ரிட் நாடக மேடையில் நடித்துக்கொண்டிருந்த அவரை இயக்குநர் அல்மோடோவர் சினிமாவுக்கு இழுத்துக்கொண்டார். அப்புறம் ஹாலிவுட். நடுவில் 2003இல் நியூயார்க்கின் பிராட்வேயில் 'நைன்' இசை நாடகம், டோனி நாடக விருதுக்குப் பரிந்துரை. 2017 ஜனவரி 26 அன்று மாரடைப்பு. அதற்குப் பின் வந்த 'வலியும் புகழும்' படத்தில், மண்டியிடும் முன் தரையில் ஒரு தலையணையைப் போட்டுக்கொள்வார் பாருங்கள், அந்த ஒரு அசைவிலேயே முதுகுவலி மொத்தமும் தெரிந்துவிடும். கான் விருதுக்குப் பின் இதே வேடத்துக்கு 2020 ஜனவரி 25 அன்று ஸ்பெயினின் திரைப்பட விருதான கோயாவும் கிடைத்தது. விழா நடந்தது மலகாவிலேயே. மாரடைப்பு வந்து மூன்று வருடம் முடிய ஒரு நாள் பாக்கி.

நடிப்பை மட்டும் தராசில் வைத்தால் என் ஓட்டு கோமெஸுக்கு. பண்டேராஸ் தன் கவர்ச்சியை மறக்க அறுபது வயதை நெருங்க வேண்டியிருந்தது. கோமெஸ் அதை முதலிலிருந்தே பக்கத்தில் சேர்க்கவில்லை.

அரங்கம் என்று வந்தால் இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. கோமெஸின் 'லா அபதியா' 1995இல் மாட்ரிட்டில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் தொடங்கியது. நடிகர்களுக்கு அங்கே உடலும் உச்சரிப்பும் பயிற்சி. பின்னாளில் ஸ்பானிய மொழி அகாதெமியிலும் அவர் உறுப்பினரானார். 2019இல் அவர் அரங்கப் பொறுப்பிலிருந்து விலக, அதே ஆண்டு நவம்பரில் பண்டேராஸ் மலகாவில் 'சோஹோ' அரங்கத்தைத் திறந்தார். முதல் நிகழ்ச்சி 'எ கோரஸ் லைன்' இசை நாடகம், அவரும் மேடையில்.

ஸ்பானிஷ் தெரியாதவர் ஒரு மாலைக்கு டிக்கெட் வாங்குவதானால் சோஹோ போகலாம்; பாட்டும் ஆட்டமும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். மொழி தெரிந்தவருக்கு லா அபதியா. இருவரையும் ஒரே படத்தில் பார்க்க ஆசையென்றால் அல்மோடோவரின் 'நான் வாழும் தோல்' (2011) இருக்கிறது. கோமெஸ் வருவது கொஞ்ச நேரம்தான், கண் சிமிட்டாமல் பாருங்கள்.