ஈரோட்டில் ஆறு சனிக்கிழமை: கற்றல் குறைபாட்டுக்கான ஆசிரியர் பயிற்சி எப்படி இருந்தது?

சென்னிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன், வாய்விட்டுக் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்வான், நோட்டைத் திறந்தால் ஒரு வரி தாண்ட மாட்டான். "கதையெல்லாம் நல்லாச் சொல்றானுங் டீச்சர், எழுதச் சொன்னா மட்டும் அழுவறானுங்" என்றார் தறிக்குப் போகும் அவன் அம்மா. அவனுக்காகத்தான் ஈரோட்டில் நடந்த இந்தப் பயிற்சியில் சேர்ந்தேன். ஆறு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டோடு 4,500 ரூபாய்.

முதல் வாரம் ஒரே சட்டமும் விளக்கமும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது, வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்சியா, எழுத்தில் டிஸ்கிராபியா, கணக்கில் டிஸ்கால்குலியா. தேவைதான், ஆனால் அரை நாள் போதும்.

இரண்டாம் வாரம், எழுதத் தடுமாறும் பிள்ளையின் பாடு நமக்குப் புரியட்டும் என்று, ஆளுக்கொரு முகம் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார்கள். தாளை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் மட்டும் பார்த்து, நட்சத்திரத்தின் இரட்டைக் கோட்டுக்குள் பென்சிலை ஓட்ட வேண்டும். பென்சில் நான் நினைத்த பக்கம் போகவே இல்லை. பயிற்சியாளர் பின்னால் வந்து நின்று, "பக்கத்துல பாருங்க, முடிச்சுட்டாங்க, நேத்துத்தானே சொல்லிக் குடுத்தேன்?" என்றார். வகுப்பில் நான் தினமும் சொல்கிற அதே வார்த்தை. அவன் நோட்டில் எத்தனை தடவை சிவப்பு மையில் 'கவனம் தேவை' என்று எழுதியிருக்கிறேன் என்று நினைத்ததும் கை ஓடவில்லை.

மூன்றும் நான்கும்தான் இந்தப் பயிற்சியின் உயிர். 'கோ' என்று சொல்லும்போது முதலில் காதில் விழுவது க், பிறகுதான் ஓ. எழுதும்போதோ இரட்டைக்கொம்பு முதலில், க நடுவில், துணைக்கால் கடைசியில். ஒலியின் வரிசை ஒன்று, கையின் வரிசை வேறொன்று. சில பிள்ளைகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்று பயிற்சியாளர் காட்டியபோது, இத்தனை வருஷம் இதை யோசிக்காமல் போனேனே என்றிருந்தது. கொம்பு, கால், எழுத்து மூன்றையும் தனித்தனி அட்டையாக வெட்டி, எழுத்தை முதலில் வைத்து, ஒலியைச் சொல்லிக்கொண்டே இரண்டு பக்கமும் மற்ற அட்டைகளைச் சேர்க்கச் சொன்னார். அப்புறம் தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி விரலால் எழுதுவது. மூன்று வாரமாக என் வகுப்பில் செய்கிறேன். போன வியாழக்கிழமை அவன் 'கோழி' என்று அழிக்காமல் எழுதினான், ழ உட்பட.

குறை என்றால், கையில் கொடுத்த பயிற்சித்தாள் முக்கால்வாசி ஆங்கிலம். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்து b, d எழுத்துக் குழப்பத்தை வைத்து என்ன செய்வது? ல, ள, ழவுக்கும் ர, றவுக்கும் ஒரு தாள் கூட இல்லை. கணக்குக்கு ஒரே மணி நேரம்.

இன்னொன்று, விளம்பரத்தில் 'சிறப்பாசிரியர் சான்றிதழ்' என்று போட்டிருந்தார்கள். அதை நம்பிச் சேராதீர்கள். குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியராக இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த படிப்பைப் படித்துப் பதிவு செய்ய வேண்டும். ஆறு நாள் போய்வந்த நாம் ஒரு பிள்ளைக்கு இன்ன குறைபாடு என்று முடிவு சொல்லவும் கூடாது, சந்தேகம் வந்தால் முறையான பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கடைசி வாரம் பயிற்சியாளரே இதைத் தெளிவாகச் சொன்னார், விளம்பரத்திலும் சொல்லியிருக்கலாம்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளைப் பற்றியும் அன்றுதான் பேசினார்கள். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அதற்குப் பிள்ளைக்குக் குறைபாடு இருக்கிறது என்ற சான்றிதழ் வேண்டும், பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு அலைவதை விட முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்றால் தாராளமாகப் போகலாம். போகும்போது உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவரின் பழைய நோட்டு ஒன்றை, பெயர் தெரியாமல் அட்டை போட்டு எடுத்துப் போங்கள். நாலாவது வாரம் அதை வைத்துத்தான் பிழைகளைப் பார்க்கிறார்கள். நான் கொண்டுபோகவில்லை, பக்கத்து டீச்சர் கொண்டுவந்த நோட்டைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.