பெட்டியில் எழுதியிருந்த 2 லிட்டர்

தீபாவளிக்கு மூன்று வாரம் திருச்சிக்குப் போகும் நண்பர் ஒருவர், எங்கள் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் இருப்பதைப் போன்ற சொட்டு நீர்ப் பாசனத் தொகுப்பை வாங்கலாமா என்று கேட்டார். ஒன்றரை ஆண்டாக அதைப் பயன்படுத்துகிறேன். தண்ணீரை நேரத்துக்குத் திறந்து மூடும் டைமர் பழுதாகி, சென்ற வாரம்தான் அதை மாற்றினேன் என்பதால் பதிலில் கொஞ்சம் காரம் இருக்கும்.

தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் கிடையாது. 40 லிட்டர் தொட்டியை இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்து, பன்னிரண்டு சட்டிகளுக்கு மெல்லிய குழாய் இழுத்திருக்கிறேன். ஒரு டிரிப்பர் (சட்டியில் நீரைச் சொட்டவிடும் முனை) மணிக்கு 2 லிட்டர் விடும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. காலையில் 20 நிமிடம் ஓடினால் எல்லாச் சட்டிக்கும் சேர்த்து 8 லிட்டர். தொட்டி ஐந்து நாளில் காலியாக வேண்டும். ஐந்தாம் நாள் மாலை மூடியைத் திறந்தால் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. எவ்வளவு சிக்கனமான கருவி என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். மிளகாய்ச் செடி தலை தொங்கிய பிறகுதான் சந்தேகம் வந்தது.

தொட்டியை நிரப்பிவிட்டு, சமையலறை அளவுக் குவளையை முதல் டிரிப்பருக்குக் கீழே வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தேன். 125 மில்லிலிட்டர். மணிக்கு 750 மில்லிதான் வருகிறது. பெட்டி சொல்லாமல் விட்டது இதுதான்: அந்த 2 லிட்டர், 1 பார் அழுத்தத்துக்கான அளவு. 1 பாருக்கு 10 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும், ஏறக்குறைய மூன்றரை மாடி. என் தொட்டியின் நீர்மட்டமோ டிரிப்பருக்கு ஒன்றரை மீட்டர் மேலே, அதாவது 0.15 பார். இவ்வகைச் சாதாரண டிரிப்பரில் நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே குறையும். 0.15-இன் வர்க்கமூலம் 0.39, அதை இரண்டால் பெருக்கினால் 0.78 லிட்டர். மாவு அளக்கும் குவளை இந்தக் கணக்குக்கு இவ்வளவு அருகில் வந்ததைப் பார்த்தபோது, ஏமாந்த கோபம் அரைமணி நேரம் மறந்தே போனது. அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு விடும் டிரிப்பர்களும் உண்டு. ஆனால் அவற்றுக்கும் ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும், இந்த உயரத்தில் அது கிடைக்காது.

கோபம் திரும்பி வந்தது கடைசிச் சட்டியில். அங்கே பத்து நிமிடத்துக்கு 80 மில்லிதான். டிரிப்பரைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பாசி. வெளிச்சம் புகும் தொட்டியில் அது வராமல் இருக்குமா? டிரிப்பரை வினிகரில் ஊறவைத்து, தொட்டிக்குக் கறுப்புத் துணி சுற்றிய பிறகு 120-ஐத் தொட்டது. தொட்டி மூடியையும் நன்றாக இறுக்கிவைக்க வேண்டும்; டிங்கிக் கொசு இருக்கிறதா என்று சோதிக்க வருபவரிடம் சொட்டு நீர்க் கணக்கை விளக்கிப் பயனில்லை.

பழுதான டைமர் முதலிலிருந்தே தகராறுதான். அதன் வால்வு திறக்கவே தண்ணீர்க் குழாயின் அழுத்தம் வேண்டுமாம். அதை விற்றவர் ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, நான் விசாரித்தபோதுதான் சொல்கிறார். இப்போது வாங்கியிருப்பது உருண்டை வால்வு வைத்தது. அழுத்தமே இல்லாவிட்டாலும் திறக்கிறது.

இன்றைக்கு 40 நிமிடம் ஓடவிடுகிறேன். சட்டிக்கு அரை லிட்டர். கறிவேப்பிலை என் தோள் உயரம் வளர்ந்துவிட்டது, வெற்றிலைக் கொடியை மாதம் ஒருமுறை வெட்ட வேண்டியிருக்கிறது. கையால் ஊற்றிய காலத்தில் இந்தச் செழிப்பு இல்லை.

ஆனாலும் நண்பரே, வாங்காதீர்கள். நாளுக்கு 6 லிட்டர் என்றால் தொட்டி ஒரு வாரம்கூட வராது. மூன்று வாரத்துக்கு 126 லிட்டர் வேண்டும். நான் சென்ற முறை ஊருக்குப் போனபோது எதிர்வீட்டு மாக்சிக்தான் (மலாய்க்கார அத்தை) தொட்டியை நிரப்பினார். ஏணியில் ஏறி அத்தனை வாளி ஊற்றியவர், நான் திரும்பி வந்ததும் கேட்டார்: “இதற்குச் செடிக்கே நேராக ஊற்றியிருப்பேனே?”