கே.வி.எம்.: வி.எம். கெர்னலும் ஹோஸ்டும் பேசிக்கொள்ளும் வழிகள், நெடுநாள் பயன்பாட்டில்

வீட்டு சர்வரில் சில வருடங்களாக லினக்ஸ் கே.வி.எம். (ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வசதி) மேல் மெயில், டேட்டாபேஸ் என்று தனித்தனி வி.எம்.களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஓட்டி வருகிறேன். வேகத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது, வி.எம்.முக்குள் ஓடும் கெர்னலை (இயங்குதளத்தின் மையப்பகுதியை) ஹோஸ்டோடு, அதாவது வி.எம்.களைத் தாங்கும் கணினியோடு, நேரடியாகப் பேச விட்டால் பராமரிப்புத் தலைவலி எவ்வளவு குறைகிறது என்பதை.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை விர்ட்டியோ, அதாவது வி.எம்.களுக்கென்றே வடிவமைத்த சாதன இடைமுகம். இ1000 போன்ற நிஜ நெட்வொர்க் கார்டைப் பாவனை செய்தால், டிரைவர் அதன் ரெஜிஸ்டரில் எழுதும்போதெல்லாம் சிபியு வி.எம்.மை விட்டு வெளியேறி ஹோஸ்டிடம் போய்வர வேண்டியிருக்கும். லினக்ஸ் கெர்னல் டெவலப்பர் ரஸ்டி ரஸ்ஸல் எழுதி, 2008-ல் லினக்ஸ் 2.6.24-இல் வந்த விர்ட்டியோ இந்த அலைச்சலைக் குறைத்தது. இருவரும் பார்க்கக்கூடிய நினைவகத்தில் உள் கெர்னல் பஃபர் முகவரிகளை வரிசையாக எழுதி வைத்து ஒரு தட்டு தட்டும். ஹோஸ்ட் வேலையை முடித்து, இன்னொரு வளையத்தில் (அதே நினைவகத்தில் உள்ள வட்ட வரிசையில்) குறித்துவிட்டு, ‘கவனி’ என்று இன்டரப்ட் அனுப்பும். பாக்கெட்டுகள் மளமளவென்று வரும்போது அந்தத் தட்டலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வி-சாக், வி.எம்.மும் ஹோஸ்டும் நெட்வொர்க் இல்லாமலே பேசிக்கொள்ளும் சாக்கெட். இதில் ஐபி கிடையாது, ரூட்டிங் கிடையாது; முகவரி என்பது சிஐடி எனும் ஓர் எண் மட்டும். ஹோஸ்டுக்கு எப்போதும் 2. ஒருமுறை அப்டேட் முடிந்து ரீபூட் ஆன மெயில் வி.எம்.மில் இன்டர்ஃபேஸ் பெயர் மாறி, ஐபியே வரவில்லை. உள்ளேயும் வெளியேயும் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) 256-க்குப் பிந்தைய பதிப்பு இருந்ததால், ஹோஸ்டிலிருந்து ‘எஸ்எஸ்எச் விசாக்/5’ (5 அந்த வி.எம்.மின் சிஐடி) என்று அடித்ததும் ஷெல் கிடைத்துவிட்டது. பெயரைத் திருத்தினேன், மெயில் ஓடத் தொடங்கியது.

வி.எம்.மின் கடிகாரத்தைச் சரியாக வைக்க பிடிபி-கேவிஎம் என்ற கெர்னல் மாட்யூல். ஏற்றினால் ஒரு பிடிபி சாதனம் (துல்லியமான கடிகாரம்) தோன்றும். அதை நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி மென்பொருளுக்குக் காட்டினால் போதும், ஹோஸ்டின் நேரம் ஹைப்பர்கால் (வி.எம். ஹோஸ்டை நேரடியாக அழைக்கும் வழி) மூலம் வரும். நெட்வொர்க் தாமதம் குறுக்கே வராது.

பேக்கப்புக்கு வி.எம்.முக்குள் ஓடி ஹோஸ்டின் கட்டளைகளை நிறைவேற்றும் கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட்டைக் கட்டாயம் போடுங்கள். ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) எடுக்கும் முன் விர்ட்டியோ சீரியல் வழியாக ஹோஸ்ட் சொன்னதும், ஏஜென்ட் கெர்னலிடம் ஃபைல்சிஸ்டத்தை உறையவைக்கச் சொல்லும். டேட்டாபேஸ் இருந்தால், உறையவைக்கும்போது தானாக ஓடும் ஹூக் ஸ்கிரிப்டையும் அதற்காகச் சேர்க்க வேண்டும். ஃபைல்சிஸ்டம் சுத்தமாக இருப்பதும் டேட்டாபேஸ் சுத்தமாக இருப்பதும் வேறு வேறு.

வி.எம்.மின் நினைவகத்தை ஓடும்போதே கூட்டிக் குறைக்கும் பலூன் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. ஹோஸ்ட் நினைவகத்தைத் திருப்பிக் கேட்கும் நேரமும் டேட்டாபேஸுக்கு அது தேவைப்படும் நேரமும் ஒன்றாக வந்தால், உள்ளே ஓஓஎம் கில்லர் (நினைவகம் தீர்ந்தால் புரோகிராம்களைக் கொல்லும் கெர்னல் பகுதி) கிளம்பிவிடுகிறது. டேட்டாபேஸ் வி.எம்.முக்கு நிலையான அளவுதான் நல்லது.

வி-சாக் போடுகிறவர்கள் சிஐடியைக் கையால் கொடுக்காமல், வி.எம்.களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் ‘ஆட்டோ’ என்று விடுங்கள். வி.எம்.மைக் குளோன் செய்யும்போது அதே எண் ஒட்டிக்கொண்டால், மூலம் ஓடிக்கொண்டிருக்கும்வரை குளோன் கிளம்பவே கிளம்பாது.