ஃப்ளேர் எவ்ளோ நேரம் நின்னுதுன்னு பாக்கணுமா, கோஸ் எக்ஸ்ரே கிராஃப் போதும் (அஞ்சுக்கு நாலரை)

ஃப்ளேர்னா சூரியன்ல திடீர்னு வர்ற வெடிப்பு. அமெரிக்காக்காரங்க வானிலை அமைப்பு நோவா-வோட ஸ்பேஸ் வெதர் சைட்ல கோஸ் (அவங்க சாட்டிலைட் பேரு) எக்ஸ்ரே ஃப்ளக்ஸ்னு ஒரு பக்கம் இருக்கு, காசு கிடையாது லாகின் கிடையாது விளம்பரம் கிடையாது, சாதாரண போன்லயே தெறக்கும். நான் நாகர்கோவில் பக்கம் மாடில வயர் ஆண்டெனா கட்டி ஹெச்எஃப்-ல (ரொம்ப தூரம் போற சிற்றலை ரேடியோ) பேசுற ஆளு, அதனால சூரியன்ல என்ன நடக்குன்னு தெரிஞ்சாதான் எனக்கு பேண்ட் ஏன் செத்து கெடக்குன்னு புரியும். நம்ம மாவட்டத்துல ரேடியோ ஆசை உள்ளவங்க, வானம் பாக்குற பிள்ளைங்க, ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்குற டீச்சர்மாரு எல்லாருக்கும் உபயோகப்படும்னுதான் இத எழுதுறேன்.

மொதல்ல பக்கம் எப்படி இருக்கும்னு சொல்லிருதேன். ரெண்டு ஜோடி கோடு ஓடும். மேல ஓடுறது 1-ல இருந்து 8 ஆங்ஸ்ட்ராம் அலைநீள எக்ஸ்ரே, இதுதான் முக்கியம், ஏ பி சி எம் எக்ஸ்னு கிளாஸ் போடுறது இத வச்சுதான். கீழ ஓடுறது இன்னும் குட்டி அலைநீளம். ஜோடின்னு சொன்னது எதுக்குன்னா ரெண்டு சாட்டிலைட் தனித்தனியா அளக்குது. சதுர மீட்டருக்கு ஒரு வாட்டுல பத்தாயிரத்துல ஒரு பங்கு வந்தா எக்ஸ் 1, அதுல பத்துல ஒண்ணு எம் 1, அப்படியே பத்து பத்தா எறங்கும், அதனால கிராஃபோட இடது பக்க அளவும் பத்து மடங்கு பத்து மடங்கா இருக்கும், கண்ணுக்கு கொஞ்சமா ஏறின மாதிரி தெரிஞ்சாலும் உண்மையில பல மடங்கு ஏறியிருக்கும், இத மனசுல வச்சுட்டு பாருங்க. நிமிஷத்துக்கு ஒரு புள்ளி விழும். 6 மணி நேரம், 1 நாள், 3 நாள், 7 நாள்னு மாத்தி பாக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வருவோம், ஒரு ஃப்ளேர் எவ்ளோ நேரம்னு இவங்க எப்படி கணக்கு போடுறாங்கன்னா, மேல் கோடு தொடர்ந்து நாலு நிமிஷம் விடாம செங்குத்தா ஏறுச்சுன்னா அந்த நாலுல மொத நிமிஷம்தான் ஆரம்பம். உச்சத்த தொட்ட நிமிஷம் மேக்ஸ். முடிவு எங்கன்னு கேட்டீங்கன்னா, ஃப்ளேருக்கு முன்ன இருந்த அளவுக்கும் உச்சத்துக்கும் சரியா நடுவுல கோடு எப்ப எறங்கி வருதோ அந்த நிமிஷத்த எண்ட்னு போடுவாங்க. அதாவது பாதி எறங்கினாலே முடிஞ்சதுன்னு எழுதிருவாங்க. பல பேருக்கு இது தெரியாது, நியூஸ்ல 19 நிமிஷம் நீடித்ததுன்னு போட்டா அதோட சூரியன் அடங்கிருச்சுன்னு நெனச்சுக்கிடுதாங்க.

2024 அக்டோபர் 3 எக்ஸ் 9.0 ஃப்ளேர எடுத்துக்கிடுங்க. நம்ம நேரத்துக்கு சாயங்காலம் 5.38 ஆரம்பம், 5.48 உச்சம், 5.57 எண்ட். கன்யாகுமரில சூரியன் கடல்ல எறங்க அப்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்துச்சு. 5.57-க்கு முடிஞ்சதுன்னு எழுதியாச்சு, ஆனா விதிப்படி அது பாதி உசரம்தானே, அப்போ அந்த நிமிஷத்துல எக்ஸ்ரே எக்ஸ் 4.5 பக்கத்துல நிக்குதுன்னு அர்த்தம். எக்ஸ் 1 தாண்டினாலே ரேடியோ பிளாக்அவுட் (ஃப்ளேரால ஹெச்எஃப் செத்து போறது) அளவுல ஆர்3, அஞ்சு படில மூணாவது. முடிஞ்சதுன்னு பட்டியல்ல போட்டிருக்கிற நிமிஷத்துலயே வேறொரு நாள்ல வந்திருந்தா தலைப்பு செய்தியாகிற அளவு எக்ஸ்ரே வந்துட்டு இருக்கு! அன்னைக்கு சூரியன் நமக்கு சாஞ்சிருந்ததால அடி கம்மி, ஆப்பிரிக்கா பக்கம்தான் நேரா வாங்கிச்சு.

அதனாலதான் நான் பட்டியல நம்புறத விட கிராஃப பாருங்கன்னு சொல்லுதேன். நம்பர் சொல்லுறது உசரத்த மட்டும்தான், நீளத்த சொல்லாது. இதுக்கு 2017 செப்டம்பர விட நல்ல உதாரணம் எனக்கு தெரிஞ்சு இல்ல. செப்டம்பர் 6-ஆம் தேதி எக்ஸ் 9.3, அதே சூரியப்புள்ளி கூட்டத்துல இருந்து நாலு நாள் கழிச்சு 10-ஆம் தேதி எக்ஸ் 8.2 (ரெண்டும் பழைய அளவீட்டு நம்பர், இப்ப திருத்தின கணக்குல ரெண்டுமே கூடும்). நம்பர பாத்தா மொதல்ல வந்ததுதான் பெருசு. நேரத்த பாருங்க, எக்ஸ் 9.3 யூடிசி (உலக பொது நேரம்) 11.53-க்கு தொடங்கி 12.02 உச்சம் 12.10 எண்ட், மொத்தம் 17 நிமிஷம். எக்ஸ் 8.2 அப்படி இல்ல, 15.35-ல தொடங்கி 16.06 உச்சம் 16.31 எண்ட், 56 நிமிஷம், அதுவும் பாதி எறங்குன கணக்குக்குத்தான், அதுக்கு பெறவும் பல மணி நேரம் கோடு மெல்ல மெல்ல சாஞ்சுட்டே போச்சு. இந்த மாதிரி ஆள எல்டிஇ-ன்னு சொல்லுவாங்க, லாங் டியூரேஷன் ஈவண்ட். இவங்களோடதான் பெரும்பாலும் சிஎம்இ-யும் (சூரியன் வெளிய வீசி எறியுற வாயு மேகம்) கெளம்பி வரும், அதனால கோடு எப்படி எறங்குதுங்கறத வச்சே அடுத்த ரெண்டு மூணு நாளைக்கு காந்தப்புயல் வர வாய்ப்பு இருக்கான்னு ஒரு குத்துமதிப்பு கெடைக்கும். கூரா ஏறி கூரா எறங்குனா நான் ரேடியோவ மட்டும் பாப்பேன், சரிவு நீண்டு போனா சிஎம்இ படத்தையும் போய் பாப்பேன்.

ஏன் ஏறுறது வேகமாவும் எறங்குறது மெதுவாவும் இருக்குன்னா, காந்தப்புல கோடுகள் அறுந்து வேற மாதிரி சேரும்போது எலக்ட்ரான் எல்லாம் கீழ பாஞ்சு மோதுது, அது நிமிஷக் கணக்குதான், அப்ப வர்றது ஹார்ட் எக்ஸ்ரே (சக்தி கூடினது). அந்த அடியில சூடான வாயு ஒரு கோடி ரெண்டு கோடி டிகிரில வளைவு வளைவா இருக்கிற காந்த குழாய்ல மேலேறி நெறையும், அதுதான் நம்ம மேல் கோட்டுல தெரியுற சாஃப்ட் எக்ஸ்ரே (சக்தி கொறஞ்சது). அடுப்புல பால் பொங்குறது ஒரு நொடி, பாத்திரம் ஆற நேரம் எடுக்கும்லா, அதேதான் இங்கயும். எல்டிஇ-ல என்ன கூடுதல்னா மேல மேல புதுசா கோடு சேந்துகிட்டே இருக்கும், சூடு நிக்காம வந்துகிட்டே இருக்கும்.

அப்போ எந்த வெளிச்சத்துல பாக்கிறோம்ங்கறத பொறுத்து ஒரே ஃப்ளேருக்கு நேரம் மாறும். 1859 செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கிலாந்து வானியல்காரர் காரிங்டன் வெறும் வெள்ளை வெளிச்சத்துல கண்டது அஞ்சு நிமிஷத்துக்குள்ள மறஞ்சு போச்சு, அன்னைக்கு எக்ஸ்ரேல அளக்க ஆள் இருந்திருந்தா எவ்ளோ நேரம்னு எழுதியிருப்பாங்களோ. ஹெச்-ஆல்ஃபால (ஹைட்ரஜனோட செவப்பு வெளிச்சம்) பாக்கிறவங்களுக்கு தனி ஆரம்பம் தனி முடிவு. நாசாவோட எஸ்டிஓ சாட்டிலைட் புற ஊதால பாத்தப்ப சில ஃப்ளேருக்கு எக்ஸ்ரே அடங்கி மணிக்கணக்கு கழிச்சு ரெண்டாவது ஒரு எழுச்சி வந்தது தெரிஞ்சுது. நம்ம ஆதித்யா-எல்1 2023 செப்டம்பர் 2 கெளம்பி 2024 ஜனவரி 6-ல அதோட இடத்துக்கு போய் சேந்துது, அதுல சோலெக்ஸ் கருவி சாஃப்ட் எக்ஸ்ரேக்கு, ஹெலியோஸ் கருவி ஹார்ட் எக்ஸ்ரேக்கு, ரெண்டையும் சேத்து வச்சு பாத்தா பொங்குனது எவ்ளோ நேரம் ஆறுனது எவ்ளோ நேரம்னு பிரிச்சு பாக்கலாம். அத தூக்கிட்டு போன பிஎஸ்எல்வி-ல ரெண்டாவது ஸ்டேஜ் விகாஸ் என்ஜின், அந்த வகை என்ஜின டெஸ்ட் பண்ணுற எடம் நம்ம ஆரல்வாய்மொழி தாண்டி மகேந்திரகிரி. பஸ்ல திருநெல்வேலி போகும்போது அந்த மலைய பாக்குறப்பலாம் எனக்கு மனசு நெறஞ்சுரும்.

இதுக்கு முன்ன போன்ல ஒரு அலர்ட் ஆப் காசு கட்டி வச்சிருந்தேன், பேரு வேண்டாம். எக்ஸ் கிளாஸ்னு செவப்பு கலர்ல கத்தும், கொஞ்ச நேரத்துல ஃப்ளேர் முடிஞ்சதுன்னு பச்சை கலர் மெசேஜ் வரும், இங்க 7 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு சத்தமும் இல்லாம வெறும் இரைச்சலா கெடக்கும். அந்த பச்சை மெசேஜ் பாதி எறங்குன நிமிஷத்த அப்படியே எடுத்து போட்டது, அது என்ன விதின்னு ஆப்ல எங்கயும் ஒரு வரி கெடையாது. காசு வாங்குறவங்க அந்த ஒரு வரியாவது எழுதணும். சப்ஸ்கிரிப்ஷன நிறுத்திட்டேன்.

கடல் விஷயமும் சொல்லணும், நம்ம ஊர்ல சொல்லாம விட முடியாது. கரையோட ஒட்டி போற வள்ளத்துல இருக்கிற விஎச்எஃப் செட்டுக்கு இந்த பிளாக்அவுட்டால கெடுதி இல்ல, அது நேர்கோட்டுல போறது. ஆனா தூத்தூர் பக்கத்துல இருந்து ஆழ்கடலுக்கு போறவங்க மாதிரி ரொம்ப தூரம் போனா ஹெச்எஃப் இருந்தா அதுக்குத்தான் அடி விழும், அதுவும் பகல்ல. 2017-ல அந்த ரெண்டு ஃப்ளேரும் வந்த வாரம் கரீபியன் கடல்ல இர்மா புயல், அவசரத்துக்கு ஹெச்எஃப்-ல பேசிட்டு இருந்தவங்களுக்கு லைன் அறுந்து அறுந்து போச்சு. அதே வருஷம் நவம்பர் கடைசில நமக்கு ஓக்கி. ஓக்கிக்கும் ஃப்ளேருக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா கடல்ல இருக்கிறவனுக்கு சேதி போய் சேரலன்னா என்ன ஆகும்னு இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்த மாதிரி ஒரு நாள்ல ரேடியோ பத்து நிமிஷத்துல திரும்ப வருமா ரெண்டு மணி நேரம் ஆகுமாங்கறது சின்ன விஷயம் இல்ல. இதே சைட்ல டி-ராப்னு ஒரு மேப் இருக்கு, எந்த பகுதில எந்த ஃப்ரீக்வன்சி வரைக்கும் அடிபட்டிருக்கு, எப்ப சரியாகும்னு ஒரு கணிப்பும் தரும், கிராஃபோட சேத்து அதையும் தெறந்து வச்சுக்கிடுங்க. ஃப்ரீக்வன்சி கூடினது மொதல்ல திரும்பும், 7 மெகாஹெர்ட்ஸ் மாதிரி கொறஞ்சது கடைசில திரும்பும், அதனால 14-க்கோ 21-க்கோ மாறி பாக்கலாம்.

அரை மார்க் எங்க போச்சுன்னா, நேரம் எல்லாம் யூடிசி, ஒவ்வொரு தடவையும் அஞ்சரை மணி நேரம் கூட்டணும், புதுசா வர்றவங்களுக்கு இது கொழப்பும். அப்புறம் இந்த கருவி சூரியன் முழுசையும் ஒண்ணா சேத்துதான் அளக்குது, எந்த புள்ளி கூட்டம்னு அதுக்கு தெரியாது, ஒண்ணு எறங்கி முடியுறதுக்குள்ள வேற மூலைல இன்னொண்ணு பொங்குச்சுன்னா மொதல் ஆளோட முடிவ கண்டுபிடிக்கவே முடியாது. ரொம்ப பெருசு வந்தாலும் சிக்கல்தான், 2003 நவம்பர் 4 ஃப்ளேர்ல அப்ப இருந்த கருவி பத்து நிமிஷத்துக்கு மேல தெவட்டி போய் கோடு தட்டையா நின்னுச்சு, எக்ஸ் 28-ன்னு பெறகு மதிப்பீடாத்தான் போட்டாங்க.

இன்னொண்ணு, மார்ச் செப்டம்பர் சமயத்துல தெனமும் கொஞ்ச நேரம் கோடு விழுந்துபோயிரும். சைட் கெட்டுபோச்சுன்னு நெனைக்காதீங்க, சாட்டிலைட் அதோட நடுராத்திரில பூமி நிழலுக்குள்ள போகுது. அதோட நடுராத்திரின்னா மேற்கு சாட்டிலைட்டுக்கு நமக்கு மத்தியானம் 2.40 பக்கம், கிழக்கு சாட்டிலைட்டுக்கு காலைல 10.30 பக்கம், கூடிப்போனா ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. ரெண்டும் ஒரே நேரத்துல மறையாதுங்கறதால ஒண்ணு விழுந்தா மத்த கோட்ட பாத்தா போதும்.

நான் வழக்கமா 6 மணி நேர வியூலதான் வச்சிருப்பேன், ஏறுற சரிவு தெளிவா தெரியும். எல்டிஇ-ன்னு சந்தேகம் வந்தா 3 நாளுக்கு மாத்திருவேன், வால் எவ்ளோ நீளம்னு அதுலதான் பிடிபடும். காலேஜ் பிள்ளைங்க யாராவது ப்ராஜெக்ட் தேடிட்டு இருந்தீங்கன்னா ஏழு நாள் டேட்டா ஜேசான் ஃபைலா எறக்கிக்கிடலாம், நாலு நிமிஷ விதியும் பாதி எறக்க விதியும் நீங்களே போட்டு பாத்து அவங்க பட்டியலோட ஒத்துப் பாருங்க, அப்படியே பழைய அளவுக்கு கோடு திரும்பி வர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு தனியா ஒரு காலம் (அட்டவணைல ஒரு நெடுவரிசை) போட்டு வையுங்க, அந்த காலம்தான் எங்கள மாதிரி ரேடியோக்காரங்களுக்கு வேணும்.