கோவையில் மூகா ஸ்கேன்: ஊசி சரி, ரிப்போர்ட் போதாது

கீமோவில், இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடிய டாக்சோரூபிசின் மருந்து ஏறுகிறவர்களுக்கு, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று இடையிடையே அளக்க வேண்டும். பலருக்கு இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படமான எக்கோவே போதும். எக்கோவில் படம் தெளியாதவர்களுக்கு, சிவப்பணுக்களில் கதிரியக்க மருந்தை ஒட்டவைத்து இதயத்தைப் படமெடுக்கும் மூகா கைகொடுக்கும். கோவையில் ஒரு தனியார் அணு மருத்துவ மையம் இதை எப்படிச் செய்கிறது என்பதே இந்த மதிப்புரை.

ஊசி போடும் வேலையில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. முதலில் வெள்ளீயம் கலந்த பைரோபாஸ்பேட் ஊசி. அது சிவப்பணுக்களுக்குள் சேர 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதன் பிறகு 20 மில்லிகியூரி அளவில் டெக்னீசியம்-99எம் என்ற அந்தக் கதிரியக்க மருந்து. இந்த இடைவெளியை அவசரப்பட்டுக் குறைப்பதில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் செலுத்திய கீமோ போர்ட்டில் (தோலுக்கடியில் பொருத்திய மருந்துக் குழாய்) மருந்தை ஏற்றாமல், கையில் புது நரம்பு பார்த்துப் போடுகிறார்கள். ஹெபாரின் கலந்தால் டெக்னீசியம் சிவப்பணுவில் சரியாக ஒட்டாது. ஒட்டாதது தைராய்டிலும் இரைப்பையிலும் போய்த் தங்கும், இதயப் படம் மங்கிவிடும்.

கேமராவை இடது முன்பக்கச் சாய்வில் 45 டிகிரி வைப்பது வழக்கம். ஆனால் எல்லோருக்கும் இதயம் ஒரே கோணத்தில் இருக்காதுங்க. இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் தெளிவாகப் பிரிந்து தெரியும்வரை இங்குள்ள டெக்னீஷியன் கேமராவைத் திருப்பிப் பார்க்கிறார். பாராட்ட வேண்டிய பொறுமை இது.

குறை ரிப்போர்ட்டில்தான். ஈசிஜியில் கீழறை சுருங்கத் தொடங்குவதைக் காட்டும் ஆர் அலையைப் பிடித்து, ஒவ்வொரு துடிப்பையும் 16 அல்லது 24 படமாகப் பிரித்து, நூற்றுக்கணக்கான துடிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ப்பதே இந்த ஸ்கேன். துடிப்பு தாறுமாறாக இருந்தால் விடை தடுமாறும். அப்படி ஒழுங்கில்லாமல் வந்த துடிப்புகளில் எத்தனை தள்ளுபடியானது என்று ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லை. கீழறையைச் சுற்றி வரைந்த கோடும், இதயத்துக்கு வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சைக் கழிக்கப் பின்னணியாக எடுத்த இடமும் அச்சிடப்படவில்லை. பின்னணிக் கட்டம் மண்ணீரல்மேல் விழுந்தால் கழிக்க வேண்டியதைவிடக் கூடுதலாகக் கழிந்து, சதவீதம் நிஜத்தைவிட அதிகமாக வரும். மேலறை கோட்டுக்குள் சிக்கினால் குறைவாக வரும். 55 என்ற எண்ணை மட்டும் கையில் கொடுத்தால் புற்றுநோய் மருத்துவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? கோடு வரைந்த படத்தையும், கீழறையின் அளவு மாறுவதைக் காட்டும் வளைகோட்டையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

மூன்று நான்கு புள்ளி ஏறி இறங்குவதற்குப் பயப்பட வேண்டாம். முன்பிருந்ததைவிட 10 புள்ளி குறைந்து 50க்கும் கீழே போனால், அடுத்த கீமோவுக்கு முன் மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே மையத்தில் எடுப்பது நல்லது.

ஈரோடு, பொள்ளாச்சியிலிருந்து வருகிறவர்கள் காலை நேரமாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். டெக்னீசியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும், தாமதமானால் அன்றைய ஊசி கிடைக்காமல் போகலாம். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்தாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.