முதல் பாகம் இருக்கும், மூன்றாவது இருக்கும், இரண்டாவது இருக்காது: லண்டன் காமிக்ஸ் கடை ஒன்றின் பல வருட வாடிக்கையாளன் எழுதுவது

அடுத்த மாதம் லண்டன் வரும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "அறிவியல் புனைகதை, ஃபேன்டஸி, காமிக்ஸ் எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கிற கடைகள் அங்கே உண்டாமே. நீங்க வழக்கமாப் போற கடை எப்படி? ஒரு நாள் ஒதுக்கலாமா?" வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

இந்த வகைக் கடைகளில் ஊரறிந்த பெயர் ஃபர்பிடன் பிளானட். 1978-இல் டென்மார்க் தெருவில் சிறிய கடையாகத் தொடங்கியது, இப்போது ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் பிரம்மாண்டமாக நிற்கிறது. யாரும் வழி சொல்லாமலே அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். நான் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல. நகரின் மையத்திலேயே உள்ள வேறொரு சிறிய கடை. என் ஸ்டாண்டிங் ஆர்டர் (சொல்லி வைத்த தொடர்களின் புது இதழ்களை எனக்கென்று உள்ள பெட்டியில் எடுத்து வைக்கும் ஏற்பாடு) பல வருடங்களாக அங்கேதான் இருக்கிறது. குறை சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

கடையின் அமைப்பு எல்லாருக்கும் பழகியதுதான். தெருவோடு இருக்கும் தளத்தில் வினைல் பொம்மைகள், டீஷர்ட், கோப்பை. படியிறங்கினால் புத்தகங்கள். புதன்கிழமை புது இதழ்கள் வரும். பிரிட்டனில் அச்சுப் புத்தகத்துக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது, பொம்மைக்கு 20 சதவீதம் உண்டு. அப்படியும் பொம்மைகள்தான் கடை வாடகையைக் கட்டுகின்றன என்று அங்கே வேலை செய்பவர்களே சொல்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. பொம்மை விற்றுப் புத்தகக் கடை பிழைக்குமானால் விற்கட்டும்.

என் கோபம் ஒரே ஒரு விஷயத்தில்தான். எந்தத் தொடரை எடுத்தாலும் முதல் பாகம் இருக்கும், மூன்றாவது இருக்கும், கடைசியாக வந்தது அடுக்கு முன்னால் முகம் காட்டி நிற்கும். இரண்டாவது மட்டும் இருக்காது. காமிக்ஸ் தொகுப்புகளில் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், ஃபேன்டஸி நாவல் அடுக்கிலும் இதே கதை. முதல் பாகத்தை வாங்கி, இரவு இரண்டு மணி வரை படித்து, கதாநாயகி மலைக்கோட்டையின் கதவைத் திறக்கிற இடத்தில் முடித்துவிட்டு, மறுவாரம் ஆசையோடு போனால் அடுக்கில் ஓட்டை. அதற்குப் பக்கத்தில் நாலாவது பாகம். அதன் பின்னட்டையை மறந்தும் பார்க்கக் கூடாது, பார்த்தால் யார் செத்தார் என்று தெரிந்துவிடும்.

இது ஏன் நடக்கிறது என்று நிறையப் படித்தேன், கடைக்காரர்களிடமும் கேட்டேன். வேர் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பெட்டிக்கடைகளும் மருந்துக்கடைகளும் காமிக்ஸ் விற்ற காலத்தில், விற்காத இதழ்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 1973-இல் ஃபில் சூலிங் என்ற நியூயார்க் பள்ளி ஆசிரியர் பதிப்பகங்களோடு புது ஏற்பாடு ஒன்று செய்துகொண்டார். காமிக்ஸ் கடைகளுக்கு விலையில் கூடுதல் தள்ளுபடி உண்டு, ஆனால் வாங்கிய சரக்கைத் திருப்ப முடியாது. தனிக் காமிக்ஸ் கடை என்ற ஒன்று பெருகியதே அந்த ஏற்பாட்டால்தான். அதற்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த நாளிலிருந்து விற்காத ஒவ்வொரு பிரதியும் கடைக்காரரின் தலையில்தான் விடிகிறது. இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே பட்டியலைப் பார்த்து எத்தனை போகும் என்று ஊகித்து எழுதித்தர வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் பாகம் புது வாசகனுக்கானது, எப்போதும் போகும். ஆளை இழுப்பதற்காக அதைக் குறைந்த விலைக்கே போடும் பதிப்பகங்களும் உண்டு. இமேஜ் காமிக்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் பல தொடர்களில் முதல் தொகுப்பு 9.99 டாலருக்கே வந்திருக்கிறது. புதிதாக வந்த பாகத்துக்கு விளம்பரம் இருக்கும், அதுவும் போகும். நடுவில் இருப்பவற்றை அடுக்கில் ஒரே ஒரு பிரதி வைப்பார்கள். அதை ஒருவர் எடுத்துப் போனால், மறுபடி வரவழைக்கும் வரை அங்கே ஓட்டைதான். விநியோகமும் முன்போல இல்லை. வருடக்கணக்காக அமெரிக்க காமிக்ஸ் விநியோகத்தை ஏறக்குறைய முழுவதுமாகக் கையில் வைத்திருந்த டைமண்ட் நிறுவனத்தை விட்டு 2020-இல் டிசி பதிப்பகம் விலகியது, 2021-இல் மார்வெல் பதிப்பகம் புது இதழ்களை பெங்குயின் ராண்டம் ஹவுஸ் என்ற பெரிய புத்தக நிறுவனம் வழியாக அனுப்பத் தொடங்கியது. 2025 ஜனவரியில் டைமண்ட் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ஓரிடத்தில் ஆர்டர் கொடுத்துப் பழகிய சிறிய கடைகள் பல இடங்களில் கொடுக்க வேண்டிய நிலை. அதெல்லாம் எனக்குப் புரிகிறது.

புரிந்தாலும் ஆறவில்லை. ஆறு பாகத் தொடர் ஒன்றின் இரண்டாம் பாகத்துக்குச் சொல்லி வைத்திருந்தேன். "வந்ததும் உங்க பெட்டியில எடுத்து வச்சிடுறோம்" என்றார்கள். புத்தகம் வந்திருக்கிறது. என் பெட்டிக்குப் பதில் அடுக்கில் வைத்துவிட்டார்கள். வேறு யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். போன வாரம் கேட்டபோது பதிப்பகத்திலும் தீர்ந்துவிட்டது, மறு அச்சு எப்போது என்று தெரியாது என்று பதில். கடையில் பதில் சொன்ன பெண் உண்மையாகவே வருந்திச் சொன்னார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விநியோகம், திவால் எதற்கும் இதில் பங்கில்லை. கையில் வந்த புத்தகத்தைச் சரியான பெட்டியில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு நல்லதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்தக் கடையின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் மறுபதிப்புகளுக்கென்று ஓர் அடுக்கு இருக்கிறது. ஆள் நடமாட்டம் குறைவு. தமிழ் வாசகர் ஒருவர் லண்டனில் வந்து நிற்க வேண்டிய இடம் என் கணக்கில் அதுதான்.

1972-இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாகக் கொண்டுவந்த நம் இரும்புக்கை மாயாவி, 1962-இல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவர். வரைந்தவர் ஸ்பெயினின் ஹெசூஸ் பிளாஸ்கோ. நம் லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல) இங்கத்திய சரக்குதான். இங்கே அவர் வந்த வார இதழின் பெயரும் 'லயன்'. அவர் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இரும்பு மனிதன் ஆர்ச்சி அந்த 'லயன்' இதழ் தொடங்கிய 1952-லிருந்தே உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ரெபெல்லியன் நிறுவனம் 2016-லும் 2018-லும் இந்தப் பழைய காமிக்ஸ் உரிமைகளை வாங்கிய பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகத் தொகுப்புகளாக வருகின்றன.

நான் மாயாவியைப் படித்தது சாணித்தாளில், மை கசிந்த சின்னப் பக்கங்களில். இங்கே அதே சித்திரங்களைப் பெரிய பக்கத்தில் பார்க்கும்போது, பிளாஸ்கோ நிழலை எப்படிப் போட்டிருக்கிறார் என்று முதல்முறையாகத் தெரிகிறது. மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்து கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிற அந்தக் கட்டத்தில், விரல் மடிப்புகளில் வெளிச்சம் படுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கடையிலிருந்த இளைஞர் ஒருவர் "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். இங்கே இளைய தலைமுறைக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. சிவகாசியில் அச்சாகி எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கியவர் என்று சொன்னேன். அப்புறம் அரை மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சு எந்த இணையக் கடையிலும் கிடைக்காது. அன்றிலிருந்து புது மறுபதிப்பு வந்தால் எனக்கென்று ஒன்றை அவர் தனியாக எடுத்து வைக்கிறார், அதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: ஒரு நாள் வேண்டாம், அரை நாள் போதும். நேராகக் கீழ்த்தளம் போங்கள், படிக்கட்டுக்கு அடியில் பாருங்கள். தனி நூல்களைத் தாராளமாக வாங்கலாம். தொடர் என்றால் எல்லாப் பாகமும் அடுக்கில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு முதலாவதைத் தொடுங்கள். "வரவழைத்துத் தருகிறோம்" என்றால் பணத்தை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். ஐந்துக்கு இரண்டுக்கு மேல் மதிப்பெண் தர எனக்கு இன்று மனமில்லை.

ஸ்டாண்டிங் ஆர்டரை நிறுத்தச் சொல்லி நேற்று எழுதிவிட்டேன். பிரிட்டிஷ் மறுபதிப்புகளை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.