கிரிப்டானா, பூத்பே கிரேயா: வடக்குச் சன்னல் அறைக்கு ஒரு நீலச் சாம்பல்

வடக்கு நோக்கிய ஒற்றைச் சன்னல் மட்டுமே உள்ள படுக்கையறைக்கு நீலச் சாம்பல் நிறம் தேடியதில், இறுதியில் என்னிடம் மூன்று நிற மாதிரி அட்டைகள் மிஞ்சின: ஷெர்வின் வில்லியம்ஸ் என்ற சுவர்ப்பூச்சு நிறுவனத்தின் நார்த் ஸ்டார் (6246), அதே நிறுவனத்தின் கிரிப்டான் (6247), பெஞ்சமின் மூர் என்ற மற்றொரு நிறுவனத்தின் பூத்பே கிரே (எச்.சி. 165). கடை வெளிச்சத்தில் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலவே தெரிந்தன.

முதல் இரண்டும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து வருபவை. அவற்றைப் பிரிப்பது பெரும்பாலும் வெளிர்மையின் அளவே. சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகிறது என்பதை 0 முதல் 100 வரை குறிக்கும் எல்.ஆர்.வி. மதிப்பு நார்த் ஸ்டாருக்கு 62, கிரிப்டானுக்கு 52, பூத்பே கிரேக்கு ஏறத்தாழ 43. வெள்ளை நிலைச்சட்டங்களுக்கு அருகில் நார்த் ஸ்டார் எடுப்பாக இல்லாததால் அதை விரைவிலேயே ஒதுக்கிவிட்டேன்.

மற்ற இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. வடக்குச் சன்னலில் நேர்வெயில் பெரும்பாலும் விழாது. வானத்தின் நீல ஒளியே உள்ளே வருவதால், ஏற்கெனவே நீலம் மேலோங்கிய கிரிப்டான் பகலில் குழந்தையின் தொட்டில் அறையை நினைவூட்டும் அளவுக்குக் குளிர்ந்துவிடுகிறது. பூத்பே கிரேயில் மெல்லிய பச்சைச் சாயலும் கூடுதல் சாம்பலும் உள்ளதால், அதே ஒளியில் அதன் நீலம் அடங்கியே நிற்கிறது. இரவில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கைப் போட்டால் கணக்கு மாறுகிறது: கிரிப்டான் இதமான சாம்பலாகிவிட, பூத்பே கிரேயின் பச்சை சற்றே தலைகாட்டுகிறது, 4000 கெல்வின் வெள்ளை விளக்கில் அந்தப் பச்சை அவ்வளவாகத் தெரிவதில்லை.

இவற்றைச் சிறிய அட்டையை வைத்துக் கண்டுபிடிக்க இயலாது. இரண்டடிப் பலகையில் இருமுறை பூசி, சுவருக்குச் சுவர் நகர்த்திக் காலையிலும் மாலையிலும் பார்க்க வேண்டும். நான்கு சுவர்களும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றின் மீது வீசுவதால், பூசி முடித்த அறையில் நிறம் பலகையில் கண்டதைவிட அழுத்தமாகவே அமையும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

பகலில் புழங்கும் அறை என்பதால் நான் பூத்பே கிரேயைத் தேர்ந்தெடுத்தேன். தெற்குச் சன்னல் இருந்திருந்தால் தயங்காமல் கிரிப்டானை எடுத்திருப்பேன். ஒரு நிறுவனத்தின் நிறத்தை வேறொரு நிறுவனத்தின் கடையில் கலந்து வாங்கும் வழக்கமும் உண்டு. ஆனால் அடிப்படைப் பூச்சும் நிறமிகளும் வேறாக இருப்பதால், இப்படி நூலிழையில் வேறுபடும் நிறங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.